வாசலில் நின்ற குழி

மின்சார ஆபீசைத் திட்டாமல் மருந்துக்கடைக்காரருக்குக் காலைத் தேநீர் தொண்டையில் இறங்காது. டம்ளரும் கையுமாக வாசல் கேட்டில் சாய்ந்துகொண்டு, போவோர் வருவோரையெல்லாம் பிடித்து நிறுத்துவார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வேறு. நின்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"மேல பாருங்க, கரண்ட் கம்பியா இது? துணி காயப்போடுற கொடி மாதிரி தொங்குது. பூமிக்கு அடியில கேபிள் போடறேன்னு குழி வெட்டினாங்க. பாதித் தெருவோட மூட்டையைக் கட்டிட்டாங்க. சம்பளம்னா மட்டும் ஒரு நாள் தள்ளிப்போகுமா?"

கம்பி தொங்கியது உண்மைதான். காற்றடித்தால் மரக்கிளை அதன்மேல் சாய்ந்து பொறி பறக்கும், வீட்டு விளக்குகள் மங்கும். அதற்கு அந்தத் தெருவே ஒரு கைவைத்தியம் வைத்திருந்தது. ஒவ்வொரு வீட்டு மாடியிலும் காய்ந்த நீளக் கம்பு ஒன்று சாத்தியிருக்கும். கிளை சாய்ந்தால் எட்டித் தள்ளிவிடுவார்கள், விளக்கு எரியும், போய் வேலையைப் பார்ப்பார்கள். காய்ந்த கம்பானாலும் மழை ஈரத்தில் அது எமனுக்கு ஏணி என்று யாருக்கும் உறைக்கவில்லை. பழகிப்போன ஆபத்துக்கு யார் பயப்படுகிறார்கள்?

குழி ஏன் பாதியில் நின்றது என்று மட்டும் அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பாவம், தேநீர் புரையேறியிருக்கும்.

ஏனென்றால் அது நின்றது அவர் வாசலில். கார் ஏறுவதற்காகத் தெருவோரத்தை வளைத்து, கிரானைட் பதித்து ஒரு சரிவு கட்டியிருந்தார். கேபிள் அதன் கீழேதான் போயாக வேண்டும். மின்சார ஆபீசிலிருந்து வந்த பெண் என்ஜினியர் தன்மையாகத்தான் கேட்டார்.

"சார், இதைக் கொஞ்சம் உடைச்சுக்கறோம். கேபிள் போட்டதும் நாங்களே சிமெண்ட் பூசிக் குடுத்துடறோம்."

"கிரானைட்டை உடைச்சுட்டு சிமெண்டா? நல்லா இருக்கும்மா நியாயம். எதிர் வரிசையில போய்க் கேளுங்க."

எதிர்வீட்டு டீச்சர் வாசலிலும் இதே மாதிரி ஒரு சரிவு. "செயலாளரே உடைக்கலை, எனக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்றார் டீச்சர். அடுத்த வீடு டீச்சரைக் காட்டியது, அதற்கடுத்த வீடு அடுத்த வீட்டைக் காட்டியது. என்ஜினியர் பார்த்தார், ஆட்களைக் கூட்டிக்கொண்டு வேறு தெருவுக்குப் போய்விட்டார். செயலாளர் மறுநாள் காலையே டம்ளரோடு கேட்டில் நின்று ஆபீசைத் திட்ட ஆரம்பித்தார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதில் மனிதர் கைதேர்ந்தவர்.

அவர் மனைவிக்கு எல்லாம் தெரியும். "ஏங்க, அந்தச் சரிவை உடைச்சுத்தான் விடுங்களேன். கார் என்ன, தெருவுல நின்னா அழுதிடுமா?" என்று ஒருமுறை கேட்டும் பார்த்தாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றார். அவளும் சும்மா இருந்தாள்.

அந்த வாரம் வீட்டைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று இறங்கியவர், மாடியிலிருந்த பழைய கம்பு அசிங்கமாக இருக்கிறதென்று தூக்கி எறிந்தார். அந்த மூலையில் புதிதாக வாங்கி வந்த தரை துடைக்கும் மாப்பைச் சாத்தி வைத்தார். பளபளவென்று நீளமான இரும்புக் கைப்பிடி.

ஒரு மாலை மழையும் காற்றுமாகப் பிடித்துக்கொண்டது. மழை சற்று ஓய்ந்ததும் டீச்சரும் இன்னும் இரண்டு பேரும் தெருவுக்கு வந்தார்கள். செயலாளர் சும்மா இருப்பாரா? "பாருங்க, ஒரு தூறலுக்கே விளக்கு கண்ணடிக்குது. இந்த ஆபீஸ்காரங்களை..." என்று ஆரம்பித்தவர், டீச்சரின் முகம் மாறுவதைக் கண்டு தன் வீட்டு மாடியை அண்ணாந்து பார்த்தார்.

கிளை கம்பிமேல் கிடந்து பொறிந்துகொண்டிருந்தது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, கைப்பிடிச் சுவருக்கு வெளியே எட்டிக்கொண்டிருந்தாள் அவர் மனைவி. கையில் அந்த மாப். வழக்கமாகக் கம்பு இருக்கும் இடத்தில் கைபோட்டு, வந்ததை எடுத்திருக்கிறாள். கம்பிக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

தெருவையே கூட்டும் அவர் வாய், அப்போது பார்த்து ஒட்டிக்கொண்டது. டீச்சர்தான் கத்தினார்.

"இரும்பும்மா அது, கீழ போடு!"

திடுக்கிட்டுக் கையை விட்டாள். மாப் சரிந்து கம்பிகள்மேல் விழுந்தது. நீலமாக ஒரு வெளிச்சம், ட்ரான்ஸ்பார்மரில் வெடிச்சத்தம், தெரு முழுக்க விளக்கு போயிற்று.

படிகளை எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் ஓவென்று அழுதார்.

"ஆபீஸ்காரனுங்க உன்னைக் கொன்னிருப்பாங்கம்மா" என்றார் விம்மலுக்கு நடுவில்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குழி ஆபீஸ் வாசல்லயாங்க நிக்குது? நம்ம வாசல்லதானே நிக்குது."



மறுநாள் காலை தெரு வேறொரு சத்தத்தில் விழித்தது. செயலாளர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடப்பாரையால் கிரானைட்டைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். பழக்கமில்லாத கை, உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. டீச்சர் வந்து பார்த்தார்.

"என்ன சார் இது?"

"குழி என்னாலதான் நின்னுச்சு டீச்சர். இத்தனை நாளா உங்க எல்லார்கிட்டயும் ஆபீசைக் குறை சொல்லிட்டுத் திரிஞ்சேன். மன்னிச்சுக்குங்க."

டீச்சர் திரும்பித் தன் வாசல் சரிவைப் பார்த்தார். பிறகு, "உங்களால மட்டுமா?" என்றார். "வேலை முடிஞ்சதும் அந்தக் கடப்பாரையை இப்படிக் குடுங்க."

அன்று கடப்பாரை வீடு வீடாகப் போயிற்று. என்ஜினியரை அழைத்ததும் அவர் நேரில் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். மழைக்காலம் முடிவதற்குள் கேபிள் பூமிக்குள் போனது, கம்பிகள் இறங்கின. மாடிகளில் சாத்தியிருந்த கம்புகளுக்கும் வேலை போயிற்று. செயலாளரின் கார் இப்போது தெருவோரம் நிற்கிறது. அது அழவில்லை என்று அவர் மனைவி போகிற போக்கில் சொல்லிக் காட்டாமல் இருப்பதில்லை.

ஒருநாள் கடைக்கு இருமல் மருந்து வாங்க வந்த பக்கத்துத் தெருக்காரர் புலம்பினார். "உங்க தெரு குடுத்து வச்சது சார். எங்க தெருவுல குழி தோண்டிப் பாதியில விட்டுட்டுப் போயிட்டானுங்க. இந்த ஆபீஸ் உருப்படவே உருப்படாது."

மருந்துக்கடைக்காரர் பாட்டிலைக் காகிதத்தில் சுற்றியபடி கேட்டார். "உங்க வீட்டு வாசல்ல கார் ஏற சரிவு கட்டியிருக்கீங்களா?"

வந்தவர் இருமினார்.

"ஆபீஸ் மேல தப்பே இல்லைன்னு சொல்லலைங்க. தப்பு இருந்தா போய்க் கேளுங்க, நானும் கூட வரேன். ஆனா பொது வேலை தாமதம்னு கத்துறதுக்கு முன்னாடி, அது நம்ம வாசல்ல வந்து நிக்குதான்னு ஒரு தடவை குனிஞ்சு பார்த்துடணும். நான் அண்ணாந்து மட்டும்தான் பார்த்தேன். அதுக்கு என் வீட்டுக்காரி உயிரையே குடுக்க இருந்தா."

பக்கத்துத் தெருக்காரர் மருந்தை வாங்கிக்கொண்டு, படி இறங்கப்போனவர் திரும்பி வந்தார்.

"அந்தக் கடப்பாரை இன்னும் உங்ககிட்டதான் இருக்கா?"