இக்னோட்டஸ் பெட்டிஃபர்

என் தங்கை வினிஃப்ரெட் யாரோ ஒரு ஆளிடம் எங்கள் வம்சாவளியை எழுதி வாங்கி, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாள். உச்சியில் ‘மாவீரர் இக்னோட்டஸ் பெட்டிஃபர்’ என்று இருந்தது. நான் நம்பவில்லை. எங்கள் குடும்பத்தில் குதிரைச் சாணம் அள்ளியவன் உண்டு, குதிரை ஏறியவன் கிடையாது.

அவளோ தன் பேரனுக்கு அந்தப் பெயரையே வைப்பதென்று முடிவு செய்து, மொத்தக் குடும்பத்தையும் எங்கள் சஃபோக் கிராமத்துத் தேவாலயத்துக்கு வரவழைத்துவிட்டாள். ஞானஸ்நானத் தொட்டியருகே பெயரைக் கேட்டதும் பாதிரியார் தயங்கினார்.

“இந்தப் பேரு எங்கேருந்தும்மா கிடைச்சுது?”

“நம்ம கோயில் பழைய பதிவுலதான் ஐயா. எங்க முப்பாட்டன் ஜான் பெட்டிஃபரோட தகப்பன் இக்னோட்டஸ்னு போட்டிருக்காம்.”

“அது பேரே இல்லம்மா. லத்தீன்ல ‘யாருன்னு தெரியாது’ன்னு அர்த்தம்.”

வினிஃப்ரெட்டின் முகம் வெளுத்தது.

“உன் மாவீரன் வேலி தாண்டி ஓடிட்டான்டி, வின்னி,” என்றேன்.

சிரிக்கத்தான் நினைத்தேன். குழந்தையைப் பார்த்தேன். இடப்பக்கம் வளைந்த எங்கள் மூக்கு. திரும்பினால் பெஞ்சு பெஞ்சாக அதே மூக்கு. எவனோ ஒருவன் வந்தான், பெயர்கூடச் சொல்லாமல் போனான். அவன் வராதிருந்தால் அந்தப் பெஞ்சுகள் காலி. நானும் இல்லை.

“இப்ப என்ன பேருண்ணே வைக்கிறது?” என்றாள், அழாக்குறையாக.

“அதையே வை. இத்தனை பேருக்கும் மூத்தவனை ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. இனிமேயாச்சும் கூப்பிடுவோம்.”

பாதிரியார் என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீரை அள்ளினார்.