டெக்ஸ்டரின் தவக்காலம்

டெக்ஸ்டருக்கு ஒரு நாளைக்கு ஆறு டீ இல்லாமல் முடியாது. ஆனால் மூன்று வயது மகள் ஃபியோனா இன்னும் வாயில் ரப்பர் சூப்பானோடு திரிவதை மட்டும் அவனால் பொறுக்க முடியவில்லை. ஈஸ்டர் வரையிலான தவக்காலத்தில் பிடித்ததை விட்டுவிட வேண்டும் என்று, அது தொடங்கும் சாம்பல் புதனன்று மகளுக்கு ஒரு பிரசங்கமே செய்தான்.

"நீ எதை விடுவே டாடி?"

வேறு வழியில்லாமல், "டீ," என்றான்.

மனைவி பிலிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு சூப்பானைக் கழுவி, மாதா படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

இரண்டு நாள் சிணுங்கிய ஃபியோனா அதோடு அதை மறந்தே போனாள். டெக்ஸ்டர்தான் பால்காரரிடம்கூட எரிந்து விழுந்தான். சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டு மராத்திக்காரர்களின் இஞ்சி டீ வாசனை ஜன்னல் வழியே வந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அவனையே பார்த்துக்கொண்டிருந்த ஃபியோனா, "மம்மி, என் சூப்பானை எடுத்துக் குடு," என்றாள்.

டெக்ஸ்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, சின்னப் பிள்ளையாலயே தாங்க முடியலை. பிலிஸ், அப்படியே எனக்கும் ஒரு டீ போட்டுடு."

ஃபியோனா சூப்பானை வாங்கி வந்து அவன் வாயில் வைத்தாள்.

"அழாதே டாடி. ஈஸ்டர் வரைக்கும் நீயே வெச்சுக்கோ."