ஒத்திகையில் சொல்லாத வரி

நாடகத்தின் கடைசி வரியை ஒத்திகையில் சொல்லக் கூடாது. சொன்னால் நாடகம் ஊற்றிக்கொள்ளும். லண்டன் நாடகக்காரர்கள் எல்லாரும் இதை நம்புகிறோம். நம்பவில்லை என்று வீம்பு பேசுகிறவனும் அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வான். முதல் நாள், ஜனங்கள் முன்னால்தான் அந்த வரி வெளியே வரும்.

அதனால்தான் 1962 மார்ச்சில் தணிக்கை அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தபோது எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. லென் ஆக்டன் எழுதிய புது நாடகத்தின் கடைசி வரி நாலே பேருக்குத்தான் தெரியும். எழுதிய லென், டைரக்டர் காட்ஃப்ரே, அதைப் பேசவேண்டிய தெல்மா, அப்புறம் மேடையோரம் பிரதியோடு உட்கார்ந்து மறந்த வசனத்தை எடுத்துக்கொடுக்கும் பிராம்ப்டரான நான், மியூரியல். அனுமதிக்குப் போன பிரதியில் கடைசி வரி ‘நான் போறேம்மா’ என்று சாதுவாக இருந்தது. அனுமதி வந்த பிறகு லென் எங்கள் பிரதிகளில் அதை அடித்துவிட்டுப் பென்சிலால் வேறு எழுதினான். அந்தக் காலத்தில் அனுமதி இல்லாமல் ஒரு சொல்லை மாற்றிப் பேசினாலும் கொட்டகையை மூடலாம்.

காட்ஃப்ரே கடிதத்தை அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார். ‘ஐவி சாகலைம்மா, நீதான் அவளை யாருக்கோ தூக்கிக் கொடுத்துட்டே’ என்ற வரி பேசப்படுமென்று பெயர் சொல்லாத ஒருவர் தெரிவித்திருக்கிறார், பேசினால் அனுமதி ரத்து என்று அதில் இருந்தது.

“ஐவி யாரு? நம்ம நாடகத்துல அந்தக் குழந்தை பேரு ரோஸ்தானே,” என்றேன்.

“அந்த ஆபீஸ்ல டீயைக் குடிச்சுக்கிட்டே டைப் அடிச்சிருப்பாங்க. பேரா முக்கியம்? யாரு சொன்னதுன்னு பாரு,” என்றாள் தெல்மா. சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள்.

காட்ஃப்ரே அந்த ஒரு வரிக்காகவே நாடகத்தை எடுத்தவர். தெல்மாவுக்குக் கைதட்டல் விழப்போகிற இடமே அதுதான். லென் தன் நாடகத்தைத் தானே காட்டிக்கொடுப்பானா? ஆக, மிச்சம் நான். போதாக்குறைக்கு என் தங்கை புருஷன் அரசாங்க குமாஸ்தா. வருமான வரி ஆபீஸில் இருக்கிறவனுக்கும் தணிக்கைக்கும் என்ன சம்பந்தம்? சந்தேகம் வந்துவிட்டால் சம்பந்தமா பார்க்கிறார்கள்?

நான் டீ அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. சாயங்காலமானால் என் பிரதியை வாங்கிப் பூட்டிவைத்தார்கள். என் புத்தியும் கெட்டுத்தான் போனது. தெல்மா மேடையில் இருந்தபோது அவள் கைப்பையைத் துழாவினேன். ஒட்டு இமைமுடியும் இருமல் மிட்டாயும்தான் இருந்தன. வெட்கமாக இருந்தது, ஆனாலும் அவள்மேல் சந்தேகம் போகவில்லை.

கடைசியில் காட்ஃப்ரே கூப்பிட்டு விட்டார். லென்னும் அங்கே இருந்தான்.

“டிரஸ் ரிகர்சலோட நீங்க நின்னுக்கோங்க மியூரியல். காரணம் கேட்டு வேற கொட்டகைக்காரங்க போன் பண்ணா நான் பொய் சொல்ல மாட்டேன்.”

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். காட்டிக்கொடுத்தவள் என்று பெயர் விழுந்தால் இந்த ஊரில் எவனும் என்னிடம் பிரதியைக் கொடுக்கமாட்டான். பிராம்ப்டருக்கு அந்த நம்பிக்கையைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

“லென், நீ சொல்லு. பதினோரு வருஷமா உன் வசனத்தைக் கையில பிடிச்சிட்டு உக்காந்திருக்கேன்.”

அவன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். “எனக்கென்ன தெரியும்? விடு. வரி போனா போகட்டும்.”

எனக்குச் சுருக்கென்றது. இவனா இப்படிப் பேசுகிறான்? ஹாலிஃபாக்ஸில் பஸ் கண்டக்டராக இருந்தபோது டிக்கெட் கட்டுகளின் பின்பக்கத்தில் முதல் நாடகத்தை எழுதியவன் லென். அதற்கும் நான்தான் பிராம்ப்டர். மூன்று நாடகம் ஓடியதும் சினிமாக்காரர்கள் கொத்திக்கொண்டு போனார்கள். இரண்டு படம் எழுதினான். அவன் எழுதியதில் ‘ஹலோ’ மட்டும்தான் படத்தில் மிஞ்சியது. ஸ்டுடியோவில் மைப்புட்டியை வீசிவிட்டு வந்து, இனிமேல் என் வரியில் எவனும் கை வைக்க முடியாது என்று பத்திரிகைக்காரர்களிடம் மார்தட்டினான். அவன்தான் இப்போது போனால் போகட்டும் என்கிறான்.

வியாழக்கிழமை மத்தியானம் டிரஸ் ரிகர்சல், வேஷத்தோடு நடக்கும் கடைசி ஒத்திகை. வீட்டு மனிதர்கள் வந்து உட்காரலாம். மூன்றாவது வரிசையில் தொப்பி வைத்த ஒரு கிழவி, மடியில் கேக் பொட்டலத்தோடு இருந்தாள். லென்னின் அம்மா. நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“பத்து நாளைக்கு முன்னாடியே வரேன்னு லெட்டர் போட்டேன் கண்ணு. பதிலே போடலை அவன்.”

தணிக்கைக் கடிதம் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

நாடகம் ஓடியது. கடைசிக் காட்சியில் மகள் பெட்டியோடு கதவருகே திரும்புகிறாள். நாடகத்து அம்மா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருக்கிறாள். வழக்கம்போல தெல்மா வாயைத் திறந்து, வரியைச் சொல்லாமல், மனசுக்குள் இரண்டு எண்ணிவிட்டு வெளியேறினாள். திரை விழுந்தது.

“ஏன் அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லாம போயிடுச்சு?” என்றாள் லென்னின் அம்மா.

காட்ஃப்ரே பணிவாகச் சொன்னார்: “கடைசி வரியை இன்னிக்குச் சொல்ல மாட்டோம்மா. ராசி இல்லை.”

“அதுல ஐவி பேரு வருதா?”

தெல்மா திரையை விலக்கி எட்டிப்பார்த்தாள்.

“நாடகம் பூரா ரோஸ், ரோஸ்னு சுத்திச் சுத்தி வரானே, அது என் பொண்ணு ஐவிதானே. செத்துட்டான்னு இவன்கிட்டச் சொல்லி வளர்த்தேன். யாரு சொல்லி இவனுக்குத் தெரிஞ்சதோ.”

ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் லென்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மெதுவாக வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“நீ வரேன்னு எழுதினதும் பயந்துட்டேம்மா. நானே வெட்டினா பேப்பர்காரன் சிரிப்பான். அதான் பேரில்லாம கடுதாசி எழுதி ஆபீஸ்காரங்களை விட்டு வெட்ட வச்சேன். பேரை எப்படி மாத்தி எழுதினேன்னே தெரியலை.”

“நீ எழுதிட்டு மியூரியல் தலையிலயா போட்டே?” என்றாள் தெல்மா.

அவன் அம்மாவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. பொட்டலத்துக் கயிற்றை நெருடிக்கொண்டே சொன்னாள்: “முப்பது வருஷமா நீ கேப்பியான்னு காத்துட்டிருந்தேன்டா. பேப்பர்ல கதையைப் படிச்சுட்டு, நாடகத்துலயாவது கேக்கப்போறேன்னுதான் ரயிலேறி வந்தேன். அதையும் வெட்டிட்டியா?”

லென் அழுதான். எனக்கும் அழுகை வந்தது, அவனுக்காக அல்ல.

மறுநாள் முதல் காட்சியில் பிரதி என் கையில்தான் இருந்தது. தெல்மா அனுமதி பெற்ற வரியைச் சொல்லிவிட்டுப் போனாள். ஜனங்கள் தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் தட்டாமல் இருந்தவர்கள் இரண்டு பேர். அம்மா தொப்பியோடு லென்னின் காதோரம் சாய்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு வந்து மன்னிப்புக் கேட்டான். அடுத்த நாடகத்துக்கு வேறு பிராம்ப்டரைப் பார்த்துக்கொள் என்றேன்.