சிக்னிக்கு ஒரு மீன்

காப்பர் பே பல்கலைக்கழகத்தின் ஐஸ் ஹாக்கி அரங்கில் சொந்த அணி முதல் கோல் போட்டதும் கூட்டத்திலிருந்து ஒரு மீன் பறந்து வந்து பனித்தரையில் விழும். பக்கத்து ஏரியில் பிடித்த முழு மீன். கோட்டுக்குள் ஒளித்து வாசல் காவலரைத் தாண்டிக் கொண்டுவர வேண்டும். காவலருக்கும் தெரியும், அவருக்கும் மூக்கு இருக்கிறதல்லவா?

ஆனால் பறப்பதெல்லாம் ஆண்கள் அணிக்குத்தான். பெண்கள் அணித் தலைவி சிக்னி கார்வனன் நான்கு வருடமாக அதே பனியில் கோல் போடுகிறாள். காலி நாற்காலிகள்தான் பார்த்தன. அவளுக்கு ஒரு நெத்திலிகூட விழுந்ததில்லை.

இன்று லீக் இறுதி ஆட்டம். சிக்னிக்கு இங்கே இதுதான் கடைசி ஆட்டம். ஆண்கள் அணி போன வாரமே தோற்று வெளியேறியதால் ஊருக்கு வேறு போக்கிடம் இல்லை. அரங்கு நிரம்பி வழிந்தது. கண்ணாடித் தடுப்பின் பின்னால் ஆண்கள் அணித் தலைவன் எவரெட் லாக்சோ, கோட்டு புடைக்க நின்றான்.

“என்னடா, ஒரே வாரத்துல தொப்பை போட்டுருச்சு?” என்று கத்தினாள் சிக்னி.

“உனக்குத்தான் தாயே! சீக்கிரம் ஒரு கோலைப் போடு, நாத்தம் தாங்கல!”

சிரித்தாள். ஆனால் ஆசை பற்றிக்கொண்டது. ஜெயிக்க வேண்டும், ஒரே ஒரு தடவை தனக்காக மீன் விழ வேண்டும்.

மூன்று பகுதிகள் முடிந்தும் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் முதல் கோல் போடுபவருக்கே கோப்பை. நான்காவது நிமிடம் சிக்னி அடித்த ரப்பர் வட்டு டங்கென்று கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அந்தப் பாவி எவரெட் அதற்குள் கோல் என்று துள்ளிக் குதித்து மீனை வீசிவிட்டான்.

விசில். கோலுக்குப் பிறகு வீசினால் மன்னிப்பு உண்டு. முன்னால் வீசினால் சொந்த அணிக்கே தண்டனை. ஒருத்தி இரண்டு நிமிடம் தண்டனைக் கூண்டில் உட்கார வேண்டும், ஆட்டத்தில் ஓர் ஆள் குறைவு. கூட்டம் எவரெட்டை வறுத்தெடுத்தது.

“கூண்டுல நீ போய் உட்காரு,” என்றார் கோச் ஆர்லீன்.

“நானா? நான் இல்லாம எப்படித் தடுப்பீங்க?”

“அது எங்க பாடு. மூச்சு வாங்கிக்க. கதவு திறந்ததும் திரும்பிப் பாக்காம ஓடு.”

அந்த இரண்டு நிமிடமும் சிக்னிக்கு நெருப்பில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவள் அணியின் கோல்கீப்பர் விழுந்து புரண்டு ஏழு அடிகளைத் தடுத்தாள். கூண்டின் கதவு திறந்த நேரம், தடுப்பாட்டக்காரி ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிட்ட வட்டு நடுக்கோட்டுக்கு உருண்டு வந்தது. சிக்னி பாய்ந்து எடுத்தாள். எதிரே எதிரணி கோல்கீப்பரைத் தவிர ஒரு ஈ காக்கா இல்லை. வலப்பக்கம் போவதுபோல் காட்டி இடப்பக்கம் தள்ளினாள்.

வலை ஆடியது. கூரை பிய்த்துக்கொண்டு போகும் சத்தம். தோழிகள் மேலே விழுந்து அமுக்கினார்கள். எழுந்தபோது முதலில் எவரெட்டைத்தான் பார்த்தாள். அவன் வெறுங்கையை விரித்துக் காட்டினான், அழுதுவிடுவான் போலிருந்தது.

அப்போது மேல்வரிசையிலிருந்து ஒரு மீன் வந்து விழுந்தது. பிறகு இடப்பக்கமிருந்து ஒன்று. பிறகு இசைக்குழுவிலிருந்து மூன்று. எல்லோரும் கோட்டைத் திறந்தார்கள். வாசல் காவலரே ஒன்றை வீசினார். சிக்னி எண்ணப் பார்த்து, இருபதுக்கு மேல் கண்ணீர் மறைக்க விட்டுவிட்டாள்.

கோப்பை தரக் கம்பளம் விரித்துக் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று, இருப்பதிலேயே பெரிய மீனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து அரங்கை ஒரு சுற்று வந்தாள்.