மூன்று டன் மருமகன்

1976ஆம் வருடம் தை மாதத்தில், நல்லகாமன் வீட்டு மூன்றாவது ராணுவ லாரி கன்றுக்குட்டி அளவுக்கு இளைத்துவிட்டது. மற்ற இரண்டும் பழைய அளவிலேயே இருந்தன. திருநகரைத் தாண்டித் திருமங்கலம் ரோட்டை ஒட்டிய புஞ்சையில் மூன்றும் வரிசையாக நிற்கும். பஸ்ஸில் போகிறவர்கள் கடைசியில் நின்றதைப் பார்த்துவிட்டு, போன மாதத்துக்கு இந்த மாதம் இன்னும் மெலிவு என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே டிக்கெட்டுக்குச் சில்லறை தேடுவார்கள்.

நல்லகாமன் இரண்டாவது உலகச் சண்டையில் பர்மா எல்லையில் லாரி ஓட்டியவர். சண்டை முடிந்து பதினாறு வருடம் கழித்து, பட்டாளத்தில் கழித்துப்போட்ட வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. தான் ஓட்டிய அதே மாதிரி, நீள மூக்கும் பச்சைப் பெயிண்டுமாக இருந்த மூன்றை, இருந்த நஞ்சையை விற்று எடுத்துவந்தார். அவர் மனைவி ஒச்சாயி மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. நாலாவது மாதம், பிள்ளையில்லாத வீட்டில் பேச்சுத்துணைக்கு வேறு யாரும் இல்லாததால் லாரிகளோடு பேசத் தொடங்கினாள். பெரியவன், நடுவுலவன், சின்னவன் என்று பெயர் வந்தது. சனிக்கிழமை தவறாமல் மூன்றுக்கும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். வாடகைக்குக் கேட்டு வந்தவர்களிடம், பிள்ளையை யாராவது வாடகைக்கு விடுவார்களா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாள். அந்தச் சந்தோஷம் பத்து வருடம் நீடித்தது. அதன் பிறகு கண் பட்டது.

முதலில் ஹாரன் போனது. அடுத்த சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஊரே வைகைக்குப் போயிருந்த பட்டப்பகலில், சின்னவனின் கார்புரேட்டரும் முகப்பு விளக்குகளும் போயின. ரோட்டுப் பக்கம் நின்றவன் அவன்தான் என்பதால் வந்தவன் போனவன் கையெல்லாம் அவன் மேல்தான் விழுந்தது. தேர்தலில் ஒரு கட்சிக்காரர்கள் கதவில் சின்னம் வரைந்தார்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் அதன் மேல் தார் பூசினார்கள். காதலில் விழுந்தவர்கள் ஆணியால் பெயர் கீறினார்கள். நல்லகாமன் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஸ்டீயரிங்கைச் சங்கிலியால் பிணைத்துப் பூட்டினார். மறுவாரம் வண்டி இருந்தது, சங்கிலி இல்லை. சக்கரங்களைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு வண்டியைச் செங்கல் மேல் நிறுத்தினார். செங்கல் போயிற்று, சக்கரங்களைத் திரும்ப மாட்டினார். இஞ்சினில் ஒரு சின்ன ரோட்டர் உண்டு, அது இல்லாமல் வண்டி கிளம்பாது. அதைக் கழற்றி ஒச்சாயி உப்புச் சாடிக்குள் ஒளித்தாள். சாடியே போயிற்று. காவலுக்குக் கட்டிய நாய் திருடனோடு கிளம்பிப் போய், ஆரப்பாளையத்தில் டீயில் நனைத்த வறுக்கி தின்றுகொண்டு சுகமாக இருப்பதாகத் தகவல் வந்தது. குலசாமி கருப்புக்கு வண்டி முன்னால் அரிவாள் நட்டார்கள். திருடன் சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, சாமிக்கு ஒரு மூடியை வைத்துவிட்டு பேட்டரியை எடுத்துப் போனான். கடைசியில் நல்லகாமன் உளியை எடுத்து, மிச்சமிருந்த ஒவ்வொரு பாகத்திலும் தன் பெயரைக் கொத்தினார். பெயரோடு திருடு போனது.

சாமான் குறையக் குறையச் சின்னவன் சிறுத்தான். வைகாசியில் அவன் இரண்டு வயதுப் பிள்ளை அளவுதான். ஒச்சாயி அவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். பழங்காநத்தத்து மெக்கானிக் மொக்கையன் வந்து, டேப் வைத்து அளந்து, இஞ்சின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான்.

“ஏக்கம்ணே,” என்றான் நல்லகாமனிடம். “போன சாமானை நெனச்சு ஏங்குறான். புதுச் சாமான் போட்டா ஒட்டாது. இந்தக் கணக்குல கொறஞ்சா, ஆவணி தாண்டுறது கஷ்டம்.”

ஒச்சாயி அன்று அழவில்லை. மறுநாள் குளித்து, கல்யாணச் சேலையைக் கட்டி, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், ஒரு வேட்டி துண்டு வைத்தாள். ஆரப்பாளையத்தில் பழைய சாமான் ஷெட் வைத்திருந்த பேயாண்டியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், சாட்சி சொல்லத்தான் ஆளில்லை. அங்கே போகிறேன் என்றதும் நல்லகாமன் பதறினார்.

“திருடன் கையில சாவியக் குடுத்த கதையால்ல இருக்கு.”

“சாவி நம்மகிட்ட இருந்து என்னத்தக் கண்டோம்,” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

பேயாண்டிக்கு அண்ணன் தம்பி ஆறு பேர், அக்கா தங்கச்சி ஒருத்தி கிடையாது. எத்தனையோ காதுகுத்துக்குப் போய்க் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறான். தாய்மாமன் என்று அவன் மடியில் ஒரு பிள்ளை உட்கார்ந்ததில்லை. அது அவனுக்கு முள்ளாக உறுத்தியது என்பது அவன் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். கடைவீதியே பார்க்க ஒச்சாயி அவன் முன்னால் தட்டை நீட்டினாள்.

“அண்ணே, எனக்குக் கூடப்பொறந்தவுக யாருமில்ல. சின்னவனுக்குக் காது குத்துறோம். ஆவணி பத்து. நீங்கதான் மாமனா வந்து மடி குடுக்கணும்.”

அவன் கை கேள்வி கேட்காமல் தட்டை வாங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் வாய் கேட்டது.

“பிள்ளை யாரு தாயி?”

“ஒங்களுக்குத் தெரியாதவனா. மேலு இளைச்சுக் கெடக்கான். ஒங்ககிட்ட இருக்கிறது வந்தாத்தான் பொழப்பான்.”

வெற்றிலையை வாங்கியபின் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அந்தச் சீமையில் கிடையாது. தாய்மாமன் முறையை ஏற்றுக்கொண்டவன் வெறுங்கையோடு போவதும் கிடையாது. பேயாண்டி அன்று ஷெட்டைச் சீக்கிரமே பூட்டினான்.

ஆவணி பத்தாம் தேதி, கொட்டு மேளத்தோடும் வெடியோடும் தாய்மாமன் சீர் பழங்காநத்தம் வழியாக வந்தது. முன்னால் மாலை போட்ட கிடாய், அதன் பக்கத்தில் மாலை போட்ட நாய், பின்னால் பேயாண்டியின் அண்ணன் தம்பிகள், அவர்கள் பெண்டுகள் என்று நூற்றியொரு தட்டு. ஒரு தட்டில் கார்புரேட்டர், ஒன்றில் டைனமோ, ஒன்றில் ரோட்டர் கிடந்த உப்புச் சாடி. சங்கிலி, செங்கல் உட்பட ஒன்று விடாமல் மஞ்சள் குங்குமம் வைத்துக் கொண்டுவந்தார்கள். நல்லகாமன் தட்டுத் தட்டாகக் குனிந்து தன் பெயரைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு போனார். சண்டையில் கூட அழாத மனிதர், அன்று துண்டை வாயில் வைத்து விம்மினார்.

கருப்பு சாமி முன்னால் வைத்துச் சடங்கு நடந்தது. கிழிந்த தார்ப்பாயைக் கழற்றி மொட்டை போட்டார்கள். லாரிக்குக் காது எது என்று கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. ஆசாரி சுற்றிவந்து பார்த்து, கண்ணாடி மாட்டுகிற இரண்டு தகடுதான் என்று தீர்ப்புச் சொன்னார். சம்மணம் போட்டு உட்கார்ந்த பேயாண்டியின் மடியில் சின்னவனை வைத்தார்கள். ஊசி இறங்கியபோது, ஹாரனே இல்லாத அந்த வண்டி வீறிட்டு அழுதது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், பேயாண்டிக்கும் கண்ணீர் கொட்டியது. ஒரு கையால் அதன் மூக்கைத் தடவிக்கொண்டே, மறு கையால் தட்டிலிருந்து நகை எடுப்பதுபோல் ஒவ்வொரு சாமானாக எடுத்துப் போட்டான். ஒவ்வொன்று ஏறியபோதும் வண்டி ஒரு சாண் பெருத்தது. பேட்டரி ஏறும்போது கன்றுக்குட்டி, விளக்குகள் ஏறும்போது மாட்டுவண்டி, கடைசியாக ஹாரனை மாட்டியபோது பழைய மூன்று டன். மொக்கையன் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

“சும்மா இருங்கப்பா,” என்று லாரிக்கு அடியிலிருந்து பேயாண்டியின் குரல் வந்தது. “பிள்ளை பயந்துரும்.”

தாய்மாமனுக்குப் பாரம் தெரிவதில்லை. பந்திக்குக் கூப்பிடுகிற வரை அப்படியே வைத்திருந்தான். பிறகு வண்டி தானாகவே நாலடி முன்னால் நகர்ந்து நின்றது. பேயாண்டி எழுந்து, வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல் முறையாக முதல் பந்தியில் போய் உட்கார்ந்தான்.

அன்றோடு அந்தப் பக்கத்தில் சாமான் திருடுகிற அத்தனை பேரும் சின்னவனுக்கு மாமனோ மச்சானோ ஆகிவிட்டார்கள். பெயர் கீறியவர்கள் கூட வந்து கீறல் மறையச் சாந்து தேய்த்துவிட்டுப் போனார்கள். 1981இல் வெளியூர்க்காரர் நாலு பேர் மத்தியானத்தில் சக்கரம் கழற்ற வந்தபோது சின்னவன் ஒரு தரம் ஹாரன் அடித்தான். அது ஆறு மைல் தாண்டி ஆரப்பாளையத்தில் கேட்டது. மாமன்மார் ஏழு பேரும் கிளம்பி வந்து சேர்வதற்குள், அந்த நாலு பேரும் கழற்றிய போல்டுகளை மாட்டிவிட்டு ஓடிவிட்டார்கள்.

1985 வைகாசியில் பேயாண்டியின் மகள் இருளாயிக்கு உசிலம்பட்டியில் மாப்பிள்ளை பார்த்து, ஆரப்பாளையத்தில் கல்யாணம் வைத்தார்கள். பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப் போக வந்த சின்னவன், ஷெட் வாசலில் நின்றவன் நின்றவன்தான், எத்தனை முறை கைப்பிடி போட்டுச் சுற்றினாலும் கிளம்பவில்லை. மொக்கையன் கழற்றப் போனான். பேயாண்டி தடுத்துவிட்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றான்.

“மாப்ள, ஒனக்கு முறையுள்ள பொண்ணுதான். நாந்தான் கேக்காம விட்டுட்டேன். எம்புட்டுக் கோவம் இருந்தாலும் ஒங்காத்தா, எந்தங்கச்சி மொகத்துக்காக விட்டுக்குடு.”

ஸ்டீயரிங்கில் யாரும் இல்லாமலே இஞ்சின் கிளம்பியது. கல்யாணக் கூட்டம் அதில் வியக்க ஒன்றுமில்லாததுபோல் ஏறி உட்கார்ந்தது.

விருந்து முடிந்தும் மாமன் வீட்டார் அவனை விடவில்லை. பழைய சாமான் கடைகள் நிறைந்த அந்தத் தெருவில், பூட்டில்லாமல், சாவியோடு சின்னவன் மூன்று நாள் நின்றான். நாலாம் நாள் அழைத்துவரப் போன நல்லகாமன், பழக்கதோஷத்தில் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு சாமானாக எண்ணினார். எல்லாம் இருந்தன. காலியாக விட்டுப் போன பெட்ரோல் டேங்க் கழுத்து வரை நிறைந்திருந்தது. வீட்டுக்கு வந்து ஒச்சாயியிடம் அதைச் சொன்னார். அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

“மாமன் வீட்டுக்குப் போன பிள்ளை வெறும் வயித்தோடயா வரும்?”