ஈரச்சேலை

மழை நாலு மணிக்கு வரும் என்று எனக்குத் தெரியும். அந்த மாதம் முழுக்க ஈப்போ பக்கம் மழை சொல்லிவைத்தாற்போல் நாலு மணிக்குத்தான் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஐந்து மணிக்குக் கல்லுமலைக் கோவிலுக்கு வருவதாகப் பேச்சு. மூன்றரைக்கு நான் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காரின் கண்ணாடிமேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றிவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்து, இடதுபக்க இருக்கைக்கு முன்னால் தரையைத் தடவுவேன். காய்ந்திருக்கும். நம்பிக்கை வராது. மறுபடி ஒரு வாளி.

"கார குளிப்பாட்டி முடிஞ்சிச்சாண்ணே? போலாமா?"

மங்களம் வாசலில் நின்றாள். மாம்பழ நிறப் பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. என் ஒரே தங்கச்சி. இருபத்தொன்பது முடிந்துவிட்டது. அம்மா செல்லாயி கண்ணை மூடும்போது அவள் கையைப் பிடித்து என் கையில் வைத்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கினாலும் சரியாகச் செரிப்பதில்லை. பார்க்கிறவனெல்லாம், "என்னா சன்னாசி, தங்கச்சிக்கு இன்னும் ஒண்ணும் ஆகலியா?" என்கிறான். அவனவன் வீட்டில் ஆயிரம் ஓட்டை, என் வீட்டு ஒழுகல்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

"ஒழுகல் சரியாயிருச்சாண்ணே?" என்று கேட்டாள்.

"ஒரு சொட்டு வராது. ஏறு லா."

அவள் காலடியை ஒரு தடவை பார்த்துவிட்டு ஏறினாள். என் மனைவி காளியம்மா காலையிலேயே ஈப்போவில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள், தட்டும் பூவுமாக நேரே கோவிலுக்கு வந்துவிடுவாள். காரில் நாங்கள் இரண்டு பேர்தான்.

சுங்கை சிப்புட்டைத் தாண்டும்போதே வானம் கருத்துவிட்டது. நான் மங்களத்தின் காலடியை எட்டிப் பார்த்தேன். காரணம் இருக்கிறது. சொன்னால் வெட்கக்கேடு.

அந்த ஜப்பான் காரை நான் வாங்கும்போதே அதற்குப் பத்து வயது. சிம்பாங் பூலாயில் கல்லுடைக்கிற இடத்தில் லாரி ஓட்டுகிறேன், போக வர வேண்டுமே என்று எண்பத்தொன்றில் வாங்கினேன். முன்கண்ணாடி ரப்பர் காய்ந்துபோய், மழை பெய்தால் முழங்காலில் ஒரு சொட்டு விழும். ஒரே ஒரு சொட்டு. மற்றவன் என்றால் துண்டைப் போட்டுக்கொண்டு பேசாமல் ஓட்டியிருப்பான். எனக்கு அந்தச் சொட்டு பொறுக்கவில்லை. இருபது வருஷம் பால்மரம் சீவியவனுக்கு ஓர் ஓட்டையை அடைக்கத் தெரியாதா என்று ரோஷம். பழைய தோட்டத்துக்குப் போய் ஒரு டின் ரப்பர் பால் வாங்கிவந்து, கண்ணாடி ஓரமெல்லாம் ஊற்றினேன். மிச்சம் இருந்ததை வீணாக்குவானேன் என்று, வைப்பருக்குக் கீழே இருக்கும் இரும்புச் சல்லடைக்குள்ளும் கவிழ்த்துவிட்டேன். இரண்டு நாள் வெயிலில் பால் உறைந்தது. கார் நாறியது. முழங்கால் சொட்டு நின்றது. "பாத்தியா?" என்று காளியம்மாவிடம் மார்தட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் மங்களத்தை முதல் மாப்பிள்ளைக்குப் பெண் காட்டக் கூட்டிப்போனேன். இதே கோவில், இதே மழை. சொட்டு இல்லை, வெள்ளமே வந்தது. அவள் உட்கார்ந்த பக்கம் காலடியில் தண்ணீர் குபுகுபுவென்று இறங்கியது. கோவிலில் இறங்கும்போது முழங்கால்வரை சேலை நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஒரு பார்வை பார்த்தாள்.

"ஈரச்சேலையோட ஒரு பொம்பள எப்ப வந்து நிப்பான்னு ஒங்களுக்குத் தெரியாதா தம்பி? எழவு வீட்ல தலமுழுகிட்டு நிப்பா. இது நல்ல சகுனமா?"

அதோடு முடிந்தது. நான் கார் விற்றவனைத் திட்டினேன். மழையைத் திட்டினேன். காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டால் என்ன கேடு என்று மங்களத்தையும் திட்டினேன். அவள் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

மாதக்கணக்கில் அப்படியே ஓட்டிவிட்டு, இந்தப் புது மாப்பிள்ளை வருகிறான் என்றதும் போன வாரம்தான் ஒரு சீனப் பட்டறைக்காரனிடம் காரை விட்டேன். அவன் சல்லடையைக் கழற்றி, ஒரு கம்பியை உள்ளே விட்டுத் துழாவி இழுத்தான். வெள்ளையாக, முழ நீளத்துக்கு ஒரு ரப்பர்க் கட்டி வழுக்கிக்கொண்டு வந்தது. மேலே விழும் மழைத்தண்ணீர் அந்தச் சல்லடைக்குள் இறங்கி, ஓர் ஓட்டை வழியாகச் சக்கரத்துக்குப் பின்னால் வடிந்துவிட வேண்டுமாம். அந்த ஓட்டையைத்தான் நான் அடைத்திருக்கிறேன். போக வழியில்லாத தண்ணீர் காருக்குள் வந்துவிட்டது. யார் பார்த்த வேலை இது என்று மலாய் மொழியில் கேட்டுவிட்டுச் சிரித்தான். தெரியாது என்றேன். கட்டியை அவன் குப்பையில் போடப் போனான். நாலு பேர் பார்ப்பார்களே என்று நானே பிடுங்கி இடதுபக்க இருக்கைக்குக் கீழே திணித்துக்கொண்டேன். ஆற்றில் எறியலாம் என்று நினைத்து, மறந்து தொலைத்தேன்.

ஈப்போவை நெருங்கும்போது மழை கொட்டியது. வைப்பர் அடித்து ஓயவில்லை. நான் சாலையைப் பார்த்ததைவிட மங்களத்தின் காலடியைப் பார்த்ததுதான் அதிகம். ஒரு சொட்டுகூட இல்லை. கோவில் வாசலில் நிறுத்தி, பிரேக்கை அழுத்தினேன். இருக்கைக்குக் கீழிருந்து அந்தக் கட்டி சரிந்து அவள் காலடிக்கு வந்துவிட்டது.

மங்களம் குனிந்து அதைப் பார்த்தாள்.

"மங்களம், நாந்தான். நாந்தான் அடைச்சு வச்சேன். அன்னிக்கி அந்தச் சம்பந்தம் கெட்டதுக்கு நான்தான் காரணம். அம்மாக்கு என்னா பதில் சொல்லுவேன்?"

"தெரியும்ணே."

"தெரியுமா?"

"அன்னிக்கி ஏறின ஒடனே ரப்பர் பால் நாத்தம் அடிச்சிச்சு. பதினாலு வயசுலேர்ந்து சொமந்த நாத்தம், எனக்குத் தெரியாதா?" அவள் ரப்பர்க் கட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். "தண்ணி வந்தப்ப கால தூக்கி வச்சிருக்கலாம். நான்தான் தூக்கல. அந்த மாப்ள தோட்டத்துக்காரரு, அவங்க என்னைய மறுபடியும் தோட்டத்துக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க. காலங்காத்தால எந்திரிச்சு மரம் சீவப் போவணும். இங்க சட்டைத் தொழிற்சாலையில நெழல்ல ஒக்காந்து தைக்கிறேண்ணே. எனக்குன்னு ஒரு மிசின் இருக்கு."

இதைச் சொல்ல அவளுக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது. நான் கேட்டால்தானே சொல்வாள்.

"இது கமுந்திங் டவுன் மாப்ள லா. தோட்டம் இல்ல. ஸ்டோர்ல வேல."

"அவங்கம்மா சொல்லி வுட்டுருக்காங்க. கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய நிப்பாட்டிரணுமாம். காளியம்மா அண்ணிகிட்ட கேளு."

கோவில் பக்கமிருந்து ஒரு கறுப்புக் குடை எங்களை நோக்கி வந்தது. அதன் கீழே ஓர் அம்மாள், பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன், அவனுக்குப் பின்னால் தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு காளியம்மா. என் கை தன்னால் கதவுப்பக்கம் போனது.

மங்களம் தன் பக்கத்துக் கண்ணாடியின் கைப்பிடியைப் பிடித்தாள். நாலு சுற்று சுற்றினாள். கண்ணாடி பாதிக்கு இறங்கியது. மழை சாய்ந்து உள்ளே வந்து, அந்த மாம்பழ நிறப் பட்டில், மடியில், விழுந்தது. இன்னும் இரண்டு சுற்று. அவள் என்னைப் பார்க்கவில்லை, முன்னால் அந்தக் குடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் காருக்குள் ஒரு சொட்டு வரக்கூடாது என்று எத்தனை நாள் அலைந்திருக்கிறேன். மூடு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். குடை பத்தடி தூரத்துக்கு வந்துவிட்டது, மழை அவள் காலடியில் வழிந்து, அந்த ரப்பர்க் கட்டியைச் சுற்றித் தேங்கத் தொடங்கியது.