பேய் கேட்ட கேள்வி

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளை எல்லோரும் அலறலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடமாகப் பேய்ப் படங்களில் பிசாசும், பிசாசைப் பார்த்தவளும், மாடியிலிருந்து விழுகிறவளும் அவள் தொண்டையில்தான் அலறினார்கள். அந்தத் தொண்டையில் இப்போது கட்டி. வெள்ளிக்கிழமை அறுவைச் சிகிச்சை. உயிர் தங்கும், குரல் தங்காது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

பின்னால் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏதாவது பேசும்மா என்று மகள் ஒரு வாரமாக செல்போனை நீட்டிக் கெஞ்சினாள். போனைப் பார்த்ததுமே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கையால் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள்.

புதன்கிழமை கடைசி வேலை. பழைய பேய்ப் படங்களைக் கிண்டலடிக்கும் படம். கோரைப்பல் பேய் கதவைத் திறக்கிறது. ஹீரோவின் மூஞ்சியைப் பார்த்துப் பேயே மிரண்டு அலற வேண்டும். ஆறு முறை அலறினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

"அக்கா, நெஜமாவே வயித்தக் கலக்குது. சிரிப்பு வரணும்க்கா" என்றான் இயக்குநர்.

அலறுவதற்கு முன்னால் குரலைச் சரிபார்க்க, "சாப்டியாடி?" என்று மெல்லக் கேட்டுக்கொள்வது அவள் வழக்கம். வேலைக்கு வந்த முதல் நாள், பக்கத்து வீட்டில் விட்டுவந்த மூன்று வயது மகளின் நினைப்பில் வாயில் வந்தது; அப்படியே நிலைத்துவிட்டது. ஒலிப்பதிவாளர் அதை மறக்காமல் வெட்டிவிடுவார். ஏழாவது அலறலைப் போட்டுக் காட்டும்போது மறந்துவிட்டார். பேய் வாயைத் திறந்து, பாசமாக, "சாப்டியாடி?" என்றது. பிறகு அலறியது. இயக்குநர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

"அத எடுத்துடுப்பா. அது என் பொண்ணக் கேக்குறது."

"படமே அதுலதான்க்கா நிக்குது."

அடுத்த நாளும் மகள் போனை நீட்டினாள். கூடத்துச் சிரிப்பு அம்மாவின் காதைவிட்டுப் போகவில்லை. அன்றும் போனைத் தள்ளிவிட்டாள். வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

படம் வெளியானதும், கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு மகளோடு போனாள். அந்த இடம் வந்தது. அரங்கமே குலுங்கியது. எவனோ விசிலடித்து, இன்னொரு தடவை போடச் சொன்னான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மகள் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தபடியே, "சாப்டேம்மா" என்றாள்.

முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்து, அதற்கும் சிரித்தார்கள்.